வெட்டியது தெரியாத தண்டு

அம்மா இறந்த மறுமாதம், மேலகரத்தில் எங்கள் வயலிலேயே ஆய்வுக்காக நெல் தண்டுகளை வெட்டிக்கொண்டிருந்தேன். வளர்ச்சி ஹார்மோன் எந்தக் கணுவில் எவ்வளவு இருக்கிறது என்று அளக்க வேண்டும். வெட்டிய கையோடு தண்டைத் திரவ நைட்ரஜனில் போட்டு உறைய வைத்துவிடுவேன்.

“எதுக்கு இந்தப் பறப்புப் பறக்க?” என்றார் அப்பா.

கேள்வி கேட்டே உயிரை வாங்குகிறாரே என்று எரிச்சலாக வந்தது. “வெட்டினது தண்டுக்குத் தெரியாதுப்பா. ஹார்மோன் அது பாட்டுக்குக் கீழ இறங்கிக்கிட்டே இருக்கும். அளவு மாறிரும்.”

சாரல் விழத் தொடங்கியது. அப்பா, பூட்டிக் கிடந்த வீட்டுப் பக்கம் திரும்பிச் சத்தம் போட்டார்: “ஏட்டி, சாரல் விழுது! கொடியில கெடக்க துணிய எடு!”

பிறகு அப்படியே நின்றுவிட்டார்.

வெட்டிய தண்டைக் கீழே போட்டுவிட்டு ஓடினேன். கொடியில் அவருடைய வேட்டி மட்டும் நனைந்துகொண்டிருந்தது.