பதினோரு ஃபைல் ஜாஸ்தி

பேய்க் கதை சொல்கிறவர்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும். யாருக்கோ நடந்தது, யாரோ சொன்னது என்பார்கள். இது எனக்கு நடந்தது. சிதம்பரம் கீழ வீதியில், மாடியில் இருக்கும் என் ஆபீஸில். போன வருடம் மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. ராத்திரி பன்னிரண்டு மணி இல்லை, பகல் பன்னிரண்டு மணி. நம்பாதவர்கள் நேரில் வரலாம். அன்றைக்கு கம்ப்யூட்டர் எழுதிய பதிவை அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

என் பெயர் செம்பியன். கடைகளுக்கும் கிளினிக்குகளுக்கும் புரோகிராம் எழுதித் தருவது என் பிழைப்பு. அக்கா அமிர்தம் கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறாள். அவள் வீட்டுக்காரர் தேவநாதன், எனக்கு மாமா. தனியார் பஸ்ஸில் இருபத்தாறு வருடம் கண்டக்டர். புவனகிரி ஸ்டாண்டில் அவர் குரல் கொடுத்தால் டீக்கடையில் நிற்பவன் கிளாஸை வைத்துவிட்டு ஓடி வருவான். அந்தத் தொண்டையில்தான் புற்றுநோய் வந்தது. திங்கட்கிழமை காலை ஆபரேஷன். குரல்வளையை மொத்தமாக எடுக்க வேண்டும், அதற்கப்புறம் பேச்சு கிடையாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அக்கா அழுதாள். மாமா அழவில்லை. இனிமேல் உங்க அக்காகூட சண்டை போட முடியாதே மச்சான் என்று மட்டும் சொன்னார். எனக்குத்தான் தாங்கவில்லை. என்னை சைக்கிளில் உட்காரவைத்து ஊர் சுற்றிக் காட்டிய மனுஷன். அவர் குரலை விடக் கூடாது என்று முடிவு செய்தேன்.

செய்தது இதுதான். வீட்டில் வேண்டியிருக்கும் 240 வாக்கியங்களை எழுதினேன். தண்ணி குடு, வலிக்குது, ஃபேனைப் போடு... இந்த மாதிரி. திரையில் ஒரு வாக்கியம் வரும். மாமா ஒரு பட்டனைத் தட்டி அதைப் படிப்பார், ஹெட்போன் மைக்கில் பதிவாகும். ஒரு வாரம், தினமும் மதியம், கடலூர் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு அவர் மட்டும் உட்கார்ந்து முடித்தார். பதிவுகளையும் ஹெட்போனையும் வாங்கிவந்து, லிஸ்ட்டில் இருந்த 240க்கு மட்டும் முன்னும் பின்னும் இருந்த வெற்று இடங்களை ஒரு புரோகிராமால் மொத்தமாக வெட்டி, வேறு ஃபோல்டரில் போட்டேன். ஆபரேஷனுக்குப் பிறகு எந்த வாக்கியத்தைத் தொட்டாலும் லேப்டாப் அவர் குரலில் பேசும்.

என் கம்ப்யூட்டரில் அருமையாகப் பேசியது. ஆனால் அது மாமாவின் பழைய லேப்டாப்பில் பேச வேண்டுமே. புரோகிராம், அதற்கு வேண்டிய சில்லறைச் சாமான்கள், குரல் ஃபைல்கள் எல்லாவற்றையும் ஒரே பொட்டலமாகக் கட்டினால்தான் வேறு கம்ப்யூட்டரில் ஓடும். இதை பில்ட் என்போம். எழுதுவது ஒரு வேலை என்றால் கட்டுவது ஒன்பது வேலை. சனிக்கிழமை முழுக்கக் கட்டினேன். ஒவ்வொரு முறையும் ஏதாவது விட்டுப்போய், திறந்தவுடன் நின்றுவிட்டது.

கடைசியில் புரோகிராமர்கள் கூடும் ஒரு இணையக் குழுவில் கேட்டேன். போலந்து நாட்டிலிருந்து மரெக் என்று ஒருவர் பதில் போட்டார். முகம் தெரியாது. அவருக்குத் தமிழில் ஒரு எழுத்துகூடத் தெரியாது. திங்கட்கிழமை ஆபரேஷன் என்றதும், தூங்காமல் கூடவே இருந்து ஒவ்வொன்றாகச் சரிசெய்தார். அந்த நன்றியை நான் மறக்கமாட்டேன்.

ஞாயிறு காலை 11.20. பொட்டலம் முதல்முறை ஒழுங்காகத் திறந்தது. 'தண்ணி குடு'வைத் தொட்டேன். மாமா பேசினார். ஆனால் கொஞ்சம் தாமதமாக. இதற்கு முன் என் கம்ப்யூட்டரில் தொட்டவுடன் பேசுவார். பில்ட் பதிவைப் பார்த்தேன். 251 குரல் ஃபைல் சேர்ந்ததாகக் காட்டியது. நான் கொடுத்தது 240 வாக்கியம். பதினோரு ஃபைல் ஜாஸ்தி. மாமா சிலதை இரண்டு தடவை பேசியிருப்பார் என்று விட்டுவிட்டேன். தாமதம் ஏன் என்று கேட்டு, பொட்டலத்தை மரெக்குக்கு அனுப்பினேன்.

11.52. பதில் வந்தது. தவறான ஃபோல்டரைக் கட்டியிருக்கிறாய், வெட்டிய பதிவுகளுக்குப் பதில் வெட்டாத பதிவுகள் போய்விட்டன, முன்னால் இருக்கும் வெற்று இடம்தான் தாமதம் என்று எழுதியிருந்தார். ஒரு வரி மாற்றினால் போதும். கீழே இன்னொன்று கேட்டிருந்தார்.

"அவருக்குச் சொல்லிக்கொடுப்பது யார்? ஆணா பெண்ணா என்று எனக்குப் பிடிபடவில்லை."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. யாரும் இல்லை, அவர் தனியாகப் பதிந்தார் என்று அனுப்பினேன். எல்லா ஃபைலிலும் இருக்கிறது, சத்தத்தைக் கூட்டிக் கேள் என்றார் மரெக்.

12.03. ஃபேனை நிறுத்தினேன். மாமா பதிவு செய்த அதே ஹெட்போனை மாட்டினேன். சத்தத்தை முழுதாகக் கூட்டினேன். முதல் ஃபைல்.

ஸ்ஸ்ஸ்... என்று இரைச்சல். அப்புறம், உதட்டைக் காதில் ஒட்டிவைத்துப் பேசுகிற மாதிரி, மெதுவாக...

"தண்ணி குடு..."

அரை நொடி. பிறகு மாமாவின் குரல். "தண்ணி குடு."

இரண்டாவது ஃபைல். "வலிக்குது..." அரை நொடி. "வலிக்குது."

நடுவில் 117வது. அதிலும் இருந்தது. 203வது. அதிலும் இருந்தது.

மாமாவுக்கு போன் போட்டேன். பதிவு செய்யும்போது கூட யார் இருந்தார்கள் என்று கேட்டேன். கரகரத்த குரலில் சொன்னார்.

"யாரும் இல்ல. நீதான மச்சான் காதுல சொல்லிக் குடுத்த. நான் திருப்பிச் சொன்னேன்."

நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அந்தப் புரோகிராமில் குரலே கிடையாது, திரையில் எழுத்து மட்டும்தான்.

"லிஸ்ட்டு முடிஞ்சும் நீ வுடலியே. இன்னும் கொஞ்சம் சொல்லு, இன்னும் கொஞ்சம் சொல்லுன்னு..."

என்ன சொல்லச் சொன்னேன் என்று கேட்டேன். அவருக்கு இருமல் வந்துவிட்டது. அக்கா போனைப் பிடுங்கி, நாளைக்கு ஆபரேஷனை வைத்துக்கொண்டு மனுஷனைப் பேசவைக்காதே என்று திட்டிவிட்டு வைத்துவிட்டாள்.

12.14. கடைசிப் பதினோரு ஃபைலைத் தேர்ந்தெடுத்தேன். கேட்டுப் பார்க்கவில்லை. பயம்தான், வேறென்ன சொல்ல. அழித்தேன். ஃபோல்டரை மாற்றினேன். மறுபடி கட்டினேன்.

12.21. பதிவில் 240. தொட்டவுடன் மாமா பேசினார். அவருக்கு முன்னால் யாரும் இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு, புரோகிராமை மூடினேன்.

12.24. ஹெட்போன் இன்னும் காதில் இருந்தது.

ஸ்ஸ்ஸ்...

திரையில் எதுவும் ஓடவில்லை.

"அக்கா..."

மெதுவாக. காதோடு.

பிறகு அமைதி. அது காத்திருந்தது.

"அக்கா..."

நான் திருப்பிச் சொல்ல வேண்டும்.

மைக் என் வாய்க்கு நேராக இருந்தது.

என் உதடு பிரிந்தது. நான் பிரிக்கவில்லை.

பிடுங்கி எறிந்தேன். ஒயர் கம்ப்யூட்டரிலிருந்து கழன்று வந்தது.

ஹெட்போன் தரையில் கிடந்தது. அதிலிருந்து மூன்றாவது முறை கேட்டது.

எப்படிப் படி இறங்கினேன் என்று தெரியாது. சாயங்காலம் கடலூர் போய் மாமாவின் லேப்டாப்பில் புரோகிராமைப் போட்டுக் கொடுத்தேன். யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். ஆனால் மறுநாள் ஆபரேஷனுக்குப் போகிறவரிடம் இதை எப்படிச் சொல்வது?

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மாமா லேப்டாப்பைத் தொட்டு தண்ணி கேட்டார், ஃபேன் போடச் சொன்னார். எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். மரெக்குக்கு நன்றி எழுதினேன். பொட்டலத்தை அழித்துவிட்டேன், தயவுசெய்து இனி எனக்கு எழுத வேண்டாம் என்று பதில் வந்தது. காரணம் சொல்லவில்லை.

ஆகஸ்டில் மறுபரிசோதனைக்கு மாமாவை நான்தான் கூட்டிப் போனேன். டாக்டர் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவர் கழுத்தில் குழாய். மடியில் லேப்டாப், மூடியிருந்தது. அக்கா போன் செய்தாள். சிரித்துக்கொண்டே பேசினாள்.

"தம்பி, மாமாவுக்குப் பேச்சு வந்திருச்சிடா. வாசல்ல நின்னு கூப்புட்டாரு. 'அமிர்தம், வந்துட்டேன், கதவத் தொற'ன்னு. பழைய குரல்டா, பஸ்ல கூப்புடுற குரலு."

நான் பக்கத்தில் பார்த்தேன். மாமா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தொறந்தியாக்கா?"

"தொறந்தேன். ஆளக் காணோம். எங்க போயிட்டாரு?"

நான் எழுதிக்கொடுத்த 240 வாக்கியத்தில் அப்படி ஒன்று இல்லை.

அன்றைக்குப் பிறகு அது வாசலில் கேட்பதில்லை. வீட்டுக்குள் கேட்கிறது. சமையல்கட்டில், பெரும்பாலும் மதியத்தில். மாமா கூடத்தில் உட்கார்ந்திருப்பார், வாயைத் திறந்தால் காற்றுதான் வரும். உள்ளே அவருடைய குரல் அக்காவிடம் ஊர்க்கதை பேசும். லேப்டாப்பை அவர் தொடுவதே இல்லை. இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி என்னிடம் கொடுத்தார். அக்கா பதில் சொல்ல ஆரம்பித்துவிட்டாள் என்றும் அதில் எழுதியிருந்தார்.

நேற்று அக்காவுக்கு போன் போட்டேன். மாமா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

"எந்த மாமாவக் கேக்குற?" என்றாள்.

விளையாட்டுக்குக் கேட்கவில்லை. பதிலுக்காகக் காத்திருந்தாள்.