பின் சக்கரத்தில் ஒரு கம்பி

சைக்கிளின் பின் சக்கரத்தில் முப்பத்தாறு கம்பிகள் இருக்கின்றன. ஆள் பாரமும் மூட்டைப் பாரமும் பின்னால்தான் இறங்கும். அதனால் முதலில் முறிவதும் அங்கேதான், அதுவும் நடு அச்சில் கம்பி வளைந்து நுழையும் கழுத்தில். ஒன்று முறிந்தால் அதன் பாரத்தையும் பக்கத்துக் கம்பிகள் இழுக்கும், பிறகு அவையும் முறியும். இதெல்லாம் எனக்கு அப்போதே தெரியும். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளக்கூட வழியில்லை.

சிங்கப்பூரில், தஞ்சோங் பகாரில் ஆறு பேர் ஓர் அறையில் தங்கியிருந்தோம். சைக்கிள் என்னுடையது. வேலைக்கு அதில்தான் போவேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அது அறைக்கே சொந்தம். முறை வைத்து ஒருவர் தேக்கா சந்தைக்குப் போய் வாரத்துக்கு வேண்டியதை வாங்கி வருவார். பின்னால் அரிசி மூட்டை, கைப்பிடியின் இரு பக்கமும் கறியும் காய்கறியும் தொங்கும் பைகள். கம்பி முறியாமல் என்ன செய்யும்?

ஒரே மாதத்தில் மூன்று கம்பிகள் போயின. ஒவ்வொரு முறையும் ஜாலான் புசாரில் ஒரு சீன அங்கிள் கடையில் ஒற்றைக் கம்பி போட்டு, கோட்டம் எடுத்து வந்தேன். மூன்றாவது முறை அவர் சலித்துக்கொண்டார். மிச்சக் கம்பிகளும் களைத்துப்போய்விட்டன, மொத்தமாக மாற்ற வேண்டும், இரண்டு நாள் விட்டுவிட்டுப் போ என்றார். அடுத்த வாரம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு ஓட்டி வந்துவிட்டேன்.

நாலாவது கம்பி வியாழக்கிழமை முறிந்தது. ரிம் ஒரு பக்கம் கோணிக்கொண்டு, சுற்றுக்கு ஒரு தடவை பிரேக் கட்டையில் உரசியது. தொங்கிய கம்பியைப் பக்கத்துக் கம்பியோடு முறுக்கிவிட்டேன். உரசல் நிற்க, பின் பிரேக்கின் வயரைத் தளர்த்தி இரண்டு கட்டைகளையும் விலக்கி வைத்தேன். சக்கரம் ஆடியது, ஆனால் ஓடியது. நிறுத்த வேண்டுமானால் முன் பிரேக்கைப் பதமாகப் பிடித்து, காலைத் தரையில் தேய்ப்பேன். எங்களில் பாதிப் பேர் அப்படித்தான் ஓட்டுகிறோம்.

அந்த ஞாயிறு என் முறை. எனக்கு லேசாகச் சளி. உண்மையைச் சொன்னால், சோம்பல். என் மேல் கட்டில்காரர் பட்டுக்கோட்டைப் பக்கம், வெல்டர், என்னைவிட நாலு வயது மூத்தவர். நீ படுத்துக்கோ, நான் போய்ட்டு வரேன் என்று பூட்டுச் சாவியை எடுத்தார். பிரேக்கைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் சைக்கிள் வேண்டாம் என்பார். நான் எழுந்து, சட்டை மாட்டி, பஸ் பிடித்துப் போக வேண்டியிருக்கும். ஒரு தடவை பிடித்துப் பார்த்தால் அவருக்கே தெரியாதா என்று நினைத்துப் போர்வையை இழுத்துக்கொண்டேன்.

போகும்போது பின் பிரேக்குக்கு வேலை வரவில்லை போல, ஒன்றும் ஆகவில்லை. திரும்பும்போது, முழுப் பாரத்தோடு, ஒரு நடைபாலத்தின் சரிவில் இறங்கியிருக்கிறார். பின் பிரேக் பிடிக்கவில்லை. பதறி முன் பிரேக்கை இறுக்கியதும் சைக்கிள் அவரைக் கைப்பிடிக்கு மேலாகத் தூக்கி எறிந்தது.

யாரோ அவர் போனிலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். நான் போய்ச் சேர்வதற்குள் ஆம்புலன்ஸ் அவரை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. சரிவு முழுக்க அரிசி. சைக்கிளைத் தடுப்புக் கம்பியில் சாய்த்து வைத்திருந்தார்கள். நான் முதலில் செய்த காரியம் என்ன தெரியுமா? குனிந்து, பின் பிரேக் வயரை இழுத்து முடுக்கினேன். யாராவது பார்த்தால் பிரேக் சரியாக இருக்கட்டும் என்று. ஆஸ்பத்திரிக்கு அதன் பிறகுதான் போனேன். அந்த நிமிஷத்துக்காக என்னை நானே காறித் துப்பியிருக்கிறேன்.

வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. தகடு வைத்தார்கள். மூன்று மாதம் கழித்தும் வெல்டிங் பிடி அந்தக் கையில் நடுங்கியது. விழுந்தது லீவு நாளில் என்பதால் அது வேலையில் பட்ட அடி இல்லை என்றார்கள் கம்பெனியில். வேலை பெர்மிட்டை ரத்து செய்து, ஊருக்கு டிக்கெட் போட்டுவிட்டார்கள். மேலே படுத்தபடி அவர் இடது கையால் ரப்பர் பந்தைப் பிசையப் பழகுவது எனக்குக் கீழே கேட்கும். வலது கைப் பயிற்சிக்கு ஆஸ்பத்திரியில் கொடுத்த பந்து அது.

இடையில் சக்கரத்தை அங்கிளிடம் கொண்டுபோனேன். முப்பத்தாறையும் கழற்றிப் புதிதாகக் கோத்தார். ஒவ்வொரு கம்பியையும் நகத்தால் சுண்டிக் கேட்பார், கால் திருகு முடுக்குவார், மறுபடி சுண்டுவார். சத்தம் ஒன்றுபோல வரும்வரை அவர் விடவில்லை. இப்போது அது நூல் பிசகாமல் சுற்றுகிறது. எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

சாங்கி விமான நிலையத்துக்கு அவரோடு நான்தான் கூடப் போனேன். ரயிலில் மூன்று தடவை சொல்ல ஆரம்பித்து, மூன்று தடவையும் வேறெதையோ பேசினேன். உள்ளே போகிற வாசலில் அவர் இடது கையை என் தோளில் வைத்தார்.

"தம்பி, அவ்வளவு பாரம் நான் ஏத்தியிருக்கக் கூடாதுடா. வயரு நழுவி பிரேக்கே இல்லாம போச்சு. உன் சைக்கிளையும் நாசம் பண்ணிட்டேன். மனசுல வச்சுக்காத."

"பரவாயில்லண்ணே" என்றேன்.

அவர் முகம் தெளிந்தது. நான் மன்னித்துவிட்டேன் என்ற நிம்மதியோடு அவர் உள்ளே போனார்.