சாமிக்குட்டியின் வயிறு

நெஞ்சு ஆபரேஷனுக்கு என்னைத் தள்ளிக்கொண்டு போகும்போது என் மனைவி முனியாண்டிக்குப் பன்றி நேர்ந்துகொண்டாள். பிழைத்து வந்தேன். என்னைக் கேட்டிருந்தால் சேவலோடு முடித்திருப்பேன். அவள் சாமியிடம் மட்டும்தான் பேசினாள்.

தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில் பன்றி வளர்க்க விடமாட்டார்கள். கம்போங் ராஜா ஊருக்குப் போகும் சாலையோரம், மச்சானின் முட்டைக்கோஸ் பாத்திகளுக்குக் கீழே கொட்டகை போட்டு ஒரு சினைப்பன்றியை வாங்கி விட்டோம். அது ஈன்றதும் ஒரு குட்டியின் நெற்றியில் மஞ்சள் தடவி, "இது சாமிக்கு" என்றாள். அன்றிலிருந்து அதற்குச் சாமிக்குட்டி என்று பேர். நேர்ந்துவிட்டது நல்லபடியாக வளர்ந்து வெட்டுக்குப் போக வேண்டும். நடுவில் செத்தால், யாருக்காக நேர்ந்தார்களோ அவருக்கு ஆகாது. அதாவது எனக்கு.

பால் மறக்கடித்த வாரமே குட்டிகளுக்குக் கழிச்சல் கண்டது. முதுகு வளைந்து, மயிர் சிலிர்த்து, தீவனத்தை முகர்ந்துவிட்டு மூலையில் ஒடுங்கின. சாமிக்குட்டிதான் எல்லாவற்றிலும் மோசம். மனைவிக்குச் சோறு இறங்கவில்லை. குட்டியைப் பார்ப்பாள், பிறகு என் நெஞ்சைப் பார்ப்பாள்.

தீவனக் கடை முதலாளியான சீனத் தவுக்கே, தீவனத்தில் கலக்க ஒரு பொடி கொடுத்தார். ஊறுகாய் ஜாடியைத் திறந்த மாதிரி புளிப்பு வாடை. குட்டி பால் குடிக்கும்வரை அந்தப் பாலே வயிற்றைப் புளிக்க வைத்துக் கிருமியை அடக்குமாம். பால் நின்றதும் புளிப்பும் குறைந்துபோகும். வயிறு சொந்தமாகப் புளிப்பைச் சுரக்க நாளாகும், அதுவரை பொடி கைகொடுக்கும் என்று மலாயில் விளக்கினார். எனக்கு ஒரே ஆச்சரியம். இத்தனை வருஷம் பன்றியைப் பார்த்திருக்கிறேன், அதன் வயிற்றுக்குள் இப்படி ஒரு சங்கதி நடப்பதை யோசித்ததே இல்லை.

ஆனால் தேயிலை ஃபேக்டரியில் உலர்த்தும் மெஷினோடு மல்லுக்கட்டியவன் நான். எதை மாற்றினால் எது மாறுகிறது என்று பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது. கொட்டகையின் குறுக்கே பலகை அடித்தேன். ஒரு பக்கம் பொடி கலந்த தீவனம், மறுபக்கம் வெறும் தீவனம். குட்டிகளைச் சாக்கில் போட்டு, கொழுந்து நிறுக்கும் பழைய தராசில் தொங்கவிட்டேன். அவை போட்ட கூச்சலில் முட்டைக்கோஸ் ஏற்ற வந்த லோரிக்காரர் இறங்கி வந்து எட்டிப் பார்த்தார்.

சாமிக்குட்டி எந்தப் பக்கம் என்பதில் சண்டை. சீட்டுக் குலுக்குவோம் என்றேன்.

"உங்க உயிர வச்சி சீட்டு குலுக்குவீங்களா?" என்று கேட்டு, அதைத் தூக்கிப் பொடிப் பக்கம் விட்டாள்.

கழிச்சல் நின்றது. இரண்டு பக்கமும் நின்றது! எடையும் இரண்டு பக்கமும் போட்டி போட்டு ஏறியது. தவுக்கே என் தலையில் மிளகாய் அரைத்துவிட்டார் என்று கொதித்தேன். மிச்சப் பொடியை அவர் முன்னாலேயே வைத்து நியாயம் கேட்கலாம் என்று கொட்டகைக்குள் நுழைந்தால், வெறும் தீவனத் தொட்டியில் என் மனைவி பொடியைக் கலக்கிக்கொண்டிருந்தாள்.

"என்ன பண்றே? எல்லாம் கெட்டுப்போச்சு லா!"

"எல்லாம் ஒரு தாய் வயித்துல பொறந்தது. மருந்த கையில வச்சிக்கிட்டு, இதுங்க மட்டும் சாகட்டும்னு விடவா?"

"அப்புறம் பொடியாலதான் பொழச்சிச்சின்னு எப்படித் தெரியும்?"

"ஆஸ்பத்திரியில உங்க பக்கத்துக் கட்டில்காரருக்கு மருந்த நிறுத்திப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்" என்றாள்.

குறுக்குப் பலகையைப் பிடுங்கிப் போட்டேன். பொடி வேலை செய்ததா, கழிச்சல் தானாக நின்றதா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் ஆசையும் போகவில்லை.

சாமிக்குட்டி நன்றாகக் கொழுத்தது. தராசில் நிறுத்து நிறுத்து என் கைக்குப் பழகியிருந்ததால், கோயிலுக்குப் போக லோரியில் ஏறச் சொன்னபோது என் பின்னாலேயே ஏறிவிட்டது.

படையல் முடிந்து பந்தி போட்டார்கள். எனக்குக் கறி இறங்கவில்லை. அவளோ இரண்டாம் தடவை கேட்டு வாங்கி, என் ஆபரேஷனுக்குப் பிறகு முதல் முறையாக வயிறாரச் சாப்பிட்டாள். என் இலையைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்:

"சாப்பிடுங்க. உங்களுக்குப் பதிலாத்தான் அது போயிருக்கு."