அஞ்சலாட்சியின் கீரைக்கொல்லை

அஞ்சலாட்சி நெல்லித்தோப்புக்காரி. மில்லில் வேலை போனபிறகு, எழுபத்து மூன்றாம் வருஷம், நோணாங்குப்பம் போகிற வழியில் அரைக்காணி குத்தகைக்கு எடுத்தாள். உப்புப் பூத்த களர் நிலம். வரப்புக்கு இந்தப் பக்கம் என் கொல்லை. "இதுல கோரைகூட மொளைக்காது" என்று நான் சிரித்தேன்.

அவள் முதலில் கீரையே போடவில்லை. உரத்துக்கென்று தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கிற நேரத்தில் மடக்கி உழுதாள். மறு வருஷமும் அதையே செய்தாள். ஆட்டுக்காரர்களைக் கூப்பிட்டு, புழுக்கைக்காக ராத்திரி ஆடுகளை அடைத்துக் கிடை போட்டாள். சாணமும் சருகும் அவள் தலையில்தான் வந்து சேரும். "மண்ணுக்கே சோறு போட்டுக்கினு இரு" என்று புருஷன் அம்மாவாசை திட்டுவான். நாலாவது வருஷம் அரைக்கீரை வந்தது. பெரிய மார்க்கெட்டில் அவள் கூடையை இறக்குவதற்குள் ஆட்கள் நிற்பார்கள். பக்கத்தில் கீரை விற்ற எனக்கு வயிற்றெரிச்சல்.

எண்பத்து நாலில் பக்கத்துச் சாராய ஆலையின் டேங்கர் லாரி வந்தது. கரும்புப்பாகிலிருந்து சாராயம் இறக்கியபின் மிஞ்சும் கறுப்புத் தண்ணீர். "இயற்கை உரம். மண்ணுக்கு நாங்க செய்யற சேவை" என்றான் மேனேஜர். தூ! கொட்ட இடமில்லாத கழிவுக்குச் சேவை என்று பேர். மாடு பாகு தின்னுதே, மண் தின்னாதா என்று எனக்கும் தோன்றியது. என் கொல்லையில் ஊற்றச் சொன்னேன். ஒரு லாரிக்கு ஒரு பாட்டில் என்று எனக்குச் சாராயமும் கொடுத்தான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

அஞ்சலாட்சி ஓடிவந்தாள். "வேணாம்ண்ணே. எங்கெணறு பள்ளத்துல இருக்கு. எம்மண்ணு செத்துடும்."

"ஒங்கொல்லையிலயா ஊத்துறேன்? போம்மா."

முதலில் என் கீரை கருகருவென்று கிளம்பியது. மீசையை முறுக்கிக்கொண்டேன். அடுத்த மழையில் அவள் கிணறு காப்பி நிறமானது. அழுகிய முட்டையும் கருகிய வெல்லமும் கலந்த நாற்றம், கிட்டே போனாலே குமட்டும். அந்தத் தண்ணீர் பாய்ந்த பாத்தி தோல்போல இறுகியது. மண்புழுக்கள் மேலே வந்து செத்துக் கிடந்தன. பத்து வருஷம் ஒருத்தி தலையில் சுமந்து உண்டாக்கிய மண். எழுதும்போதே அருவருப்பாக இருக்கிறது, ஆலைக்காரன்மேல் பாதி, என்மேல் பாதி.

கடைசியாக ஒருநாள் கூடையோடு மார்க்கெட்டுக்கு வந்தாள். தன் கீரையை முகர்ந்தாள், என்னுடையதையும் முகர்ந்தாள். இரண்டிலும் அதே நாற்றம். தன் கூடையைக் குப்பையில் கவிழ்த்தாள்.

"நீயும் கொட்டிடுண்ணே. யாருனா புள்ளைங்களுக்கு ஆக்கிக் குடுத்துடப் போறாங்க."

"கொட்டிடறேன், நீ போ" என்றேன். நம்பிப் போய்விட்டாள்.

என் கீரையை நாற்றம் போக நாலு தரம் அலசித் தண்ணீர் தெளித்து வைத்தேன். அவளிடமே வாங்கும் ஜஹபர் நிஷா வந்தாள். "அஞ்சலாட்சி வரலியா?"

"வரலை. ஆனா இது அவ கொல்லைக் கீரைதான்" என்று நாலு கட்டு கொடுத்தேன்.