எட்டாவது கோடு

பாபநாசம் கடைத்தெருவில் அப்துல் ஜலீலின் பாத்திரக் கடைக்கு மேல்மாடியில் உட்கார்ந்து அவர் மகள் சுமையா ஒரு பெட்டி செய்தாள். அதில் எட்டு மைக் செருகலாம். எட்டுச் சத்தமும் தனித்தனியாகக் கணினியில் பதிவாகும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் முதலில் செய்து விற்ற பெட்டிகள் அவள் உயிரை வாங்கிவிட்டன. பெட்டியைக் கணினி அடையாளம் காண, டிரைவர் என்று அவளே எழுதிய ஒரு மென்பொருளை அதில் ஏற்றியாக வேண்டும். கணினி தன்னைப் புதுப்பித்துக்கொண்டால் போச்சு, டிரைவர் படுத்துவிடும். வாங்கியவர் போன் போடுவார், இவள் பஸ் ஏறுவாள்.

"பொட்டிய விக்கிறியா, பொட்டியோட நீயும் போறியா?" என்றார் அத்தா ஜலீல். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், ஆனாலும் கவலை இருந்தது. "இந்தத் தடவையும் சரியா வரலன்னா பழைய வேலைக்கே மெட்ராஸ் போயிடும்மா."

சுமையாவுக்குச் சுருக்கென்றது. சொந்த டிரைவரைத் தலைமுழுகினாள். எந்தக் கணினியிலும் முன்பே இருக்கும் பொது டிரைவருக்குப் புரிகிற பாஷையில் பெட்டியையே பேசவைக்க உட்கார்ந்தாள். 'நான் ஒலிப்பெட்டி, எனக்கு எட்டுக் காது' என்று செருகியதும் அதுவே சொல்ல வேண்டும். அதைச் சொல்லவைப்பதற்குள் ஒரு குறுவையும் ஒரு சம்பாவும் அறுப்பாகிவிட்டன.

சோதித்துப் பார்க்க ஒப்புக்கொண்டவள் இசைவாணி, திருவையாற்றுப் பக்கம் பறைக்குழு நடத்துகிறவள். ஏசி ஸ்டுடியோவில் பறைத்தோல் தொய்கிறதென்று அறுத்த வயலிலேயே பதிவு வைத்தாள். எட்டுப் பறையின் விளிம்பிலும் ஒவ்வொரு மைக் கவ்வியிருந்தது. கணினியோ, அவள் பள்ளிக்கூடத்தில் படித்தபோது அரசாங்கம் கொடுத்தது.

"நீ கை வைக்கக் கூடாது. நானேதான் செருகுவேன்" என்று சுமையாவிடம் சொல்லிவிட்டாள்.

செருகினாள். திரையில் மைக்குக்கு ஒன்றாக எட்டுக் கோடுகள் வந்தன. சுமையா கண்ணை மூடி அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லி முடிப்பதற்குள் பறையில் அடி விழுந்தது. கண்ணைத் திறந்தால் ஏழு கோடுகள்தான் துள்ளின. எட்டாவது செத்த பாம்பாய்க் கிடந்தது.

மெட்ராஸ் பஸ் சுமையாவின் கண்முன் வந்து நின்றது. ஸ்குரூடிரைவரை எடுத்துப் பெட்டியின் முதல் திருகைக் கழற்றியே விட்டாள்.

"ஏய், என்ன பண்றே?"

"எட்டாவது வரலக்கா. தப்பு எம்மேலதான்."

இசைவாணி வரிசையைத் திரும்பிப் பார்த்தாள். கடைசி ஆள் நிற்க வேண்டிய இடம் காலி. "அட கூறுகெட்டவளே! திரையவே பாத்துக்கிட்டு இருந்தா எப்படி? மருதையண்ணன் பறையக் காய்ச்சப் போயிருக்காரு!"

வரப்போரம் வைக்கோல் தீயில் பறையைத் திருப்பித் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தார் மருதையன். மைக்கை ஒயரிலிருந்து பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டிருந்தார். தோல் விறைத்ததும் சாவகாசமாக வந்து, மைக்கை மாட்டி, ஒரு அடி அடித்தார். எட்டாவது கோடு திரையின் உச்சிக்கு எகிறியது.

அதன்பின் சுமையாவுக்கு ஒரு வேலையும் வரவில்லை. வரப்பில் உட்கார்ந்து டீ குடித்தாள். எல்லாம் முடிந்து இசைவாணி ஒயரைச் சுருட்டிக்கொண்டே கேட்டாள்: "எல்லாத்தையும் அதுவே பாத்துக்குதே. அப்ப நீ எதுக்குடி வந்தே?"

சுமையாவுக்குப் பொலபொலவென்று கண்ணீர் கொட்டியது.

"ஐயோ, சும்மா கேட்டேண்டி!"

"இல்லக்கா. ஒரு நிமிஷம் இருங்க." அத்தாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். "இப்பக் கேளுங்கக்கா, அத்தா காதுல விழட்டும். அதையே இன்னொரு தடவ கேளுங்க."