பொத்தானுக்காகக் கழற்றிய கண்ணாடி

எங்கள் அண்ணன் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். ஜன்னலுக்குக் கண்ணாடி வேண்டும் என்று யாராவது வந்தால் அளவைக் கேட்பதற்கு முன் அவர் ஊர்க்கதை முழுவதையும் கேட்டுவிடுவார். காலை வெயிலா, மாலை வெயிலா? எதிரே யார் வீடு? ஜன்னல் பக்கத்தில் யார் உட்காருவார்கள்? காற்று வேண்டுமா, வெளிச்சம் மட்டும் போதுமா? கல்லாவில் உட்கார்ந்து பில் போடுகிற நான், தங்கச்சி என்கிற உரிமையில், "அகலம் என்னன்னு கேளுண்ணே" என்று இழுத்துப் பிடித்தால்தான் வியாபாரம் நகரும்.

இத்தனை கேட்கிற மனுஷன் தன் வீட்டு ஜன்னலை யாரையும் கேட்காமல் போட்டார். கடைக்கு மேலேதான் வீடு. முன்னறையில் கிழக்குச் சுவர் முழுக்க ஒரே கண்ணாடி. சட்டமும் இல்லை, கொக்கியும் இல்லை, திறக்கவும் முடியாது. பார்க்கிறவர்கள் வாயைப் பிளப்பார்கள். அண்ணி மட்டும் பிளக்கவில்லை. அவள் ஒரு பெரிய சலவைக் கூடத்தில் நாள் முழுக்க ஆவியில் வெந்துவிட்டு வருகிறவள். கொஞ்சம் திறக்கிற மாதிரி போட்டிருக்கலாமே, காற்று வருமே என்று குடிவந்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். தெருவே தெரிகிறதே, இன்னும் என்ன வேண்டும் என்பார் அண்ணன். ஒரு ஃபேன் வாங்கிக் கொடுத்தார். கேட்டுக் கேட்டு அண்ணிக்கு வாய் ஓய்ந்துவிட்டது.

பிள்ளை இல்லாத வீடு அது. ஒருநாள் அண்ணி, கூட வேலை செய்கிறவள் வீட்டில் முட்டை பொரிந்தது என்று ஒரு ஆமைக்குட்டியைக் கொண்டு வந்தாள். கோட்டுப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிசு. அதனால் பெயரும் பொத்தான். அவள் அதன்மேல் உயிரையே வைத்துவிட்டாள். ஆனால் அதே வாரம் அவளுடைய அக்காவுக்கு இடுப்பில் ஆபரேஷன் என்று போன் வந்தது. போய்ப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை. பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கும்போது அண்ணனைப் பார்த்து ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"நான் வரும்போது அது உயிரோட இருக்கணும்."

அண்ணனுக்கு ரோஷம் வந்துவிட்டது. கடையில் இருந்த நல்ல கண்ணாடியாக எடுத்து அறுத்து, முனையெல்லாம் தேய்த்து, ஒரு தொட்டி ஒட்டினார். குட்டி நீந்துகிற அளவுக்குத் தண்ணீர், ஏறி உட்கார ஒரு கல், ஒளிந்துகொள்ள உடைந்த பூந்தொட்டி. குழாய்த் தண்ணீரை ஒருநாள் வெளியே வைத்துவிட்டு ஊற்றினார். தொட்டால் முன்னும் பின்னும் சோப்புப் போட்டுக் கை கழுவினார். தொட்டியைக் கொண்டுபோய் அந்தப் பெரிய ஜன்னலுக்கு அடியில் வைத்தார். பாதிக்கு வெயில், பாதிக்கு நிழல். குறை சொல்ல எனக்கே ஒன்றும் கிடைக்கவில்லை.

முதல் சில நாள் பொத்தான் எதையும் தின்னவில்லை. பூந்தொட்டிக்குள்ளேயே கிடந்தது. புது இடம், எடுத்து எடுத்துப் பார்க்காதே என்று நான் கத்தியும் அவர் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு கேள்வியாகக் கேட்டார். இதுக்குக் காது எங்கே? தூங்கும்போது மூச்சு விடுமா? நம்மை அடையாளம் தெரியுமா? நான் என்ன ஆமைக்கு அத்தை மகளா, எனக்கு எப்படித் தெரியும்? பிறகு ஒருநாள் அதுவாகவே வெளியே வந்து புழுவை லபக்கென்று கவ்வியது. அண்ணன் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் அதைச் சொன்னார்.

சந்தோஷம் ரொம்ப நாள் நிலைக்கவில்லை. பொத்தான் மறுபடி தின்பதை நிறுத்தியது. கண் இரண்டும் வீங்கி மூடிக்கொண்டன. கையில் எடுத்துப் பார்த்தபோது ஓடு நனைந்த அட்டை மாதிரி அமுங்கியது. அண்ணிக்குச் சொல்லிவிடு என்றேன். காதில் போட்டுக்கொள்ளவில்லை. அன்றைக்கும் போனில் நன்றாக இருக்கிறது என்றுதான் சொன்னார். போனை வைத்ததும் குட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார், நானும் கூடப் போனேன்.

கால்நடை டாக்டரம்மா ஊசி போட்டு, கண்ணுக்குச் சொட்டு மருந்து கொடுத்தார். தீனியில் கடல்நுரை என்கிற கணவாய் ஓட்டைத் தூளாக்கிச் சேர்க்கச் சொன்னார். வெயில் படுகிறதா என்று கேட்டார். அண்ணன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, காலையிலிருந்து ஜன்னல் வழியாக அடிக்கிறதே என்றார்.

"கண்ணாடி போட்ட ஜன்னலா?" என்று கேட்டார் டாக்டரம்மா. "அப்ப வெயிலே படல. ஓடு கெட்டியாகுறதுக்கு வெயில்ல ஒண்ணு இருக்கு. நம்ம கண்ணுக்குத் தெரியாது. அதைக் கண்ணாடி நிறுத்திடும்."

அதற்கென்று தனி விளக்கு இருக்கிறதாம். வெளியூரிலிருந்து வரவேண்டும், நாளாகும். அதுவரை நேர் வெயில் கொஞ்ச நேரமாவது பட்டே ஆகவேண்டும், இல்லாவிட்டால் தாங்காது என்றார்.

அண்ணன் சண்டைக்குப் போவார் என்று நினைத்தேன். வாழ்நாள் முழுக்க, கண்ணாடி எதையும் மறைக்காது என்று சொல்லி விற்றவர். அவரோ வீட்டுக்கு வந்து ஜன்னலில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். வெளிச்சம் வருது, சூடு வருது, அப்போ இத்தனை வருஷமா இது எதை வெளியிலேயே நிறுத்தி வெச்சிருக்கு என்று தனக்குள்ளேயே கேட்டுக்கொண்டார்.

குட்டியை வெளியே வைக்கலாம் என்றால் அந்த வீட்டுக்கு மொட்டை மாடி கிடையாது, தகரக் கூரை. கீழே கடை வாசலில் எதிர்க் கட்டடத்து நிழல். வெயில் விழுகிற இடம் அந்த முன்னறை ஒன்றுதான். அண்ணன் கத்தியை எடுத்துப் பசையைச் சுரண்ட ஆரம்பித்தார். தூசி வரும், மழை வரும், திருடன் வருவான் என்று நான் தலைகீழாக நின்று பார்த்தேன். பட்டறை ஆட்களைக் கூப்பிட்டு, அந்த அழகுக் கண்ணாடியைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்துவிட்டார். காக்கை கொத்தாமல் தொட்டிமேல் கம்பி வலை போட்டார்.

காலையில் வெயிலில் வைப்பது, தண்ணீர் சுடுகிறதா என்று விரலை விட்டுப் பார்ப்பது, மருந்து விடுவது என்று கண்ணும் கருத்துமாகக் கிடந்தார். கடையை நான்தான் பார்த்தேன். திட்டிக்கொண்டேதான் பார்த்தேன். ஒரு காலையில் மேலே போனால், பொத்தான் கல்மேல் ஏறி, கழுத்தை நீட்டி, பின்கால் இரண்டையும் பின்னால் நீட்டிக்கொண்டு படுத்திருந்தது. கண் திறந்திருந்தது. பக்கத்தில் அண்ணன் அழுதுகொண்டிருந்தார். பிழைத்துக்கொள்ளும், ஓடு கெட்டிப்பட மட்டும் நாளாகும் என்று டாக்டரம்மாவும் சொல்லிவிட்டார்.

அண்ணி திரும்பி வந்தாள். முன்னறைக்குள் காலை வைத்ததும் அப்படியே நின்றுவிட்டாள். சேலைத் தலைப்பு காற்றில் பறந்தது. அண்ணன் பொத்தானைக் காட்டி, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். அவள் குட்டியைக் கையில் வாங்கி ஓட்டைத் தடவிப் பார்த்தாள். பிறகு ஜன்னலைப் பார்த்தாள்.

"நான் எத்தனை தடவை கேட்டேன்?"

அண்ணன் குட்டியின் ஓட்டைச் சுட்டினார். "இதுக்கு ஓடு அமுங்கிப் போச்சு, அதான்..."

"எனக்கு ஓடு இல்லையே, நீங்க அமுக்கிப் பாத்துத் தெரிஞ்சுக்க."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. பொத்தானைத் தொட்டியில் விட்டுக் கை கழுவிவிட்டு, ஜன்னலோரம் போய் உட்கார்ந்துகொண்டாள். அந்த ஃபேனை வாங்கச் சொன்னதே நான்தானே.

மறுநாள் நான் பில் புத்தகத்தைத் திறப்பதற்குள் அண்ணன் அளவு நாடாவோடு மாடிக்குப் போனார். பின்னாலேயே நானும் போனேன். அண்ணி வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். அவர் கடைக்கு வந்தவர்கள் முன்னால் நிற்பது போல அவள் முன்னால் நின்று கேட்டார்.

"உள்பக்கமா திறக்கணுமா, வெளிப்பக்கமா?"

அண்ணி சாப்பாட்டுப் பையைக் கீழே வைத்தாள்.

"வெளிப்பக்கமா," என்றாள். "முழுசா திறக்கணும்."

இந்தத் தடவை அகலம் என்ன என்று நான் இழுத்துப் பிடிக்கவில்லை. அவர் அடுத்த கேள்வியைக் கேட்கட்டும் என்று கதவோரம் நின்றேன்.