வழியில் அந்தப் பிள்ளை பேசியது

அறக்கட்டளைகளுக்கு எழுதிப் பணம் கேட்பதுதான் என் பிழைப்பு. கோத்தகிரியில் ஒரு சின்னத் தொண்டு நிறுவனம். மாடியில் இரண்டு அறை, கீழே பேக்கரி. நான் கோயமுத்தூர்க்காரன். கணக்கு எழுத வந்தவன். இங்கிலீஷில் தப்பில்லாமல் எழுதுவேன் என்று தெரிந்ததும் புரபோசல் எழுதும் வேலையும் என் தலையில் விழுந்தது. அதில் கெட்டிக்காரன் என்று பெயரும் வாங்கிவிட்டேன். குன்னூரிலிருந்தும் கூடலூரிலிருந்தும் எங்களைப் போன்ற சின்ன அமைப்புக்காரர்கள் தேடி வந்து, எப்படிங்க அவங்களை அணுகறது என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள். நானும் பெரிய மனுஷன் மாதிரி சொல்லித் தருகிறேன்.

ஒரே கடிதத்தைப் பெயர் மட்டும் மாற்றி எல்லோருக்கும் அனுப்பாதீர்கள், நேரே குப்பைக்குப் போகும் என்பேன். அவர்கள் எதற்குக் கொடுக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள், கண் ஆஸ்பத்திரிக்குக் கொடுக்கிறவரிடம் போய்ப் பள்ளிக்கூடத்துக்குச் சுவர் கேட்காதீர்கள். எழுதுவதற்கு முன்னால் ஒரு போன் செய்து, எழுதலாமா என்று கேளுங்கள். இரண்டு பக்கத்துக்கு மேல் போகாதீர்கள். பணம் தீர்ந்த பிறகு என்ன செய்வீர்கள் என்று கட்டாயம் கேட்பார்கள், அதற்கு ஆண்டவன் விட்ட வழி என்று பதில் சொல்லாதீர்கள். இத்தனையும் சொல்வேன். கேட்கிறவர்கள் குறித்துக்கொள்வார்கள். ஒன்றை மட்டும் நான் இப்போது யாருக்கும் சொல்லித் தருவதில்லை. எனக்கு அதிகப் பணம் வாங்கிக் கொடுத்தது அதுதான்.

அரவேணுக்கு அந்தப் பக்கம், மலைச்சரிவில் ஒரு தேயிலை எஸ்டேட். தார் ரோட்டிலிருந்து தொழிலாளர் வீடுகளுக்குப் போவது மண் பாதை. 108 ஆம்புலன்ஸ் தார் ரோட்டோடு நின்றுவிடும். பாதி இடத்தில் போனில் டவரும் கிடைக்காது. யாருக்காவது முடியவில்லை என்றால் பச்சைத் தேயிலை ஏற்ற வரும் லாரிக்காகக் காத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் கம்பளியில் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். இவர்களுக்கு ஒரு ஜீப் வாங்கிவிட வேண்டும் என்று எங்கள் நிறுவனத்தில் முடிவு செய்தோம். நான் எழுத ஆரம்பித்தேன். ரோட்டின் நிலைமை, வண்டியின் விலை, டீசல் செலவு எல்லாம் அச்சடித்தாற்போல் எழுதினேன். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

பெங்களூரில் உள்ள ஓர் அறக்கட்டளையின் அதிகாரி மட்டும் போனில் பேசினார். நல்ல பெண். தமிழும் தெரிந்தவர். உங்கள் கடிதத்தில் ரோடு இருக்கிறது, ஜீப் இருக்கிறது, ஆள் யாரையும் காணோமே என்றார். எங்கள் டிரஸ்டிகள் படித்தால் ஒரு முகம் தெரிய வேண்டும் என்றார். சொன்னது சரிதான். அவர் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

முகம் தேடி எஸ்டேட்டுக்குப் போனேன். கேட்டவுடனே எல்லோரும் ஒரே வீட்டைக் காட்டினார்கள். அந்த வீட்டு அம்மாவின் பெற்றோர் இலங்கைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்தவர்கள். அவர் கொழுந்து பறிக்கிறார். கணவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறார், எப்போதாவது வருவார். ஒரே பெண், பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தவள். வயிற்று வலி என்று படுத்தாள். லாரிக்குக் காத்திருந்து, கீழே மேட்டுப்பாளையம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது வழியிலேயே போய்விட்டாள். நான் போன சமயம் அது நடந்து ஓராண்டுகூட ஆகியிருக்கவில்லை.

அன்று ஞாயிற்றுக்கிழமை. அவர் மத்தியானம் முழுக்கப் பேசினார். வேறு யாரிடமும் இப்படிச் சொன்னதில்லை என்றார். பக்கத்து வீட்டுக்காரர்கள் அழுதுவிடுகிறார்களாம், கணவரோ எழுந்து வெளியே போய்விடுகிறாராம். நான் அழவும் இல்லை, எழுந்து போகவும் இல்லை, அதனால் அவருக்கு வசதியாக இருந்திருக்கும். உண்மையில் நான் கடிதத்துக்கு எது தேறும், எது தேறாது என்று பிரித்துக்கொண்டிருந்தேன். லாரிக்குக் காத்திருந்தது தேறும். மடியில் போட்டுக்கொண்டு வந்தது தேறும். மற்றதற்கெல்லாம் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

புதுக் கடிதம் போனது. விசிட் வருகிறோம் என்று பதில் வந்தது. விசிட் வைப்பதிலும் நான் வித்தை காட்டுவேன். வெயில் காலத்தில் வைத்தால் இந்த இடத்துக்கு என்ன குறை என்று வந்தவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். மழை ஓய்ந்த கையோடு வைக்க வேண்டும். கார் தார் ரோட்டில் நிற்க வேண்டும், சேற்றில் அவர்களே நடந்து வர வேண்டும்.

முதல் விசிட்டுக்கு முந்தின நாள் அந்த அம்மாவை உட்காரவைத்து, என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன். ஆரம்பத்திலிருந்து சொல்லிக்கொண்டு வந்தார். லாரி கிளம்பியதும், பிள்ளை வழியில் பேசிக்கொண்டு வந்ததைச் சொல்லத் தொடங்கினார். அங்கே நான் கையை நீட்டி நிறுத்தினேன். வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தாள் என்றால் கேட்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? அவ்வளவு மோசமாக இல்லையே, எப்படிச் செத்தாள் என்று நினைப்பார்கள். கதை ஜீப்பை விட்டு வேறெங்கோ போகும்.

"அக்கா, அதெல்லாம் வேண்டாங்க. லாரி லேட்டுங்கறதச் சொல்லுங்க, வழியிலயே போயிட்டாங்கறதச் சொல்லுங்க. அது போதுங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு சரி சார் என்றார்.

மறுநாள் அப்படியே சொன்னார். ஜீப் வந்தது.

ஜீப்பால் நடந்த நல்லதைச் சொல்லாமல் விட்டால் அதுவும் பொய்யாகும். அதில் ஏறிப்போன பெண்கள் பிள்ளை பெற்றுத் திரும்பி வந்திருக்கிறார்கள். பாம்பு கடித்த ஒருவர் இன்றைக்கும் என்னைக் கண்டால் கும்பிடுகிறார். என்னை நான் திட்டிக்கொள்ளத் தொடங்கும்போதெல்லாம் அந்தக் கும்பிடு குறுக்கே வந்து நிற்கிறது. திட்டவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை.

அறக்கட்டளைகளிடம் ஒரு வழக்கம் உண்டு. வண்டி வாங்கக் கொடுப்பார்கள், டிரைவர் சம்பளத்துக்குக் கொடுக்க மாட்டார்கள். வண்டியில் பெயர் எழுதலாம், டிரைவர் சட்டையில் எழுத முடியுமா? சம்பளத்துக்கு ஒருவர், டயருக்கும் இன்சூரன்சுக்கும் இன்னொருவர், வருஷா வருஷம் புதுப்பிக்க மறுபடி பெங்களூர் ஆட்கள். ஒவ்வொரு விசிட்டுக்கும் அந்த அம்மா சொன்னார். எஸ்டேட்டில் கேட்டு அவருக்கு அரைநாள் லீவு வாங்கிக் கொடுப்பேன். அதற்காக அவர் என்னிடம் ஒன்றும் கேட்டதில்லை. நம்ம சனத்துக்குத்தானே சார் என்பார்.

சொல்லச் சொல்ல நன்றாகவே சொல்லப் பழகிவிட்டார். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே கண்ணைத் துடைக்க முந்தானையை எடுக்க வேண்டும் என்று அவருக்கே தெரிந்துவிட்டது. ஒரு விசிட்டில் வந்தவரின் போன் அடித்தது. அந்த அம்மா பொறுமையாகக் காத்திருந்து, விட்ட வார்த்தையிலிருந்து மறுபடி ஆரம்பித்தார். எனக்கு அன்றே உறைத்திருக்க வேண்டும். எனக்கோ அன்று நிம்மதிதான்.

போன வருஷம் ஒரு விசிட் முடிந்து, வந்தவர்களைக் காரில் ஏற்றி அனுப்பிவிட்டு நின்றுகொண்டிருந்தேன். அவர் மண் பாதையில் இறங்கி என்னிடம் வந்தார். ஏதோ உதவி கேட்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். கேட்டால் செய்துவிட வேண்டும் என்றுகூட நினைத்தேன், அப்படியாவது மனசு கொஞ்சம் இலேசாகுமே என்று.

"சார், மொதமொதல்ல நீங்க வீட்டுக்கு வந்தப்ப எல்லாத்தையும் ஒங்ககிட்ட சொன்னேன்ல. லாரியில போறப்ப புள்ள ஏதோ பேசிக்கிட்டே வந்தா. அது என்னன்னு எனக்கு இப்ப வர மாட்டேங்குது. நெனச்சுப் பாத்தா நான் இங்க சொல்றதுதான் வருது. ஒங்களுக்கு ஞாபகம் இருக்கும்ல?"

எனக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை. அவர் அதைச் சொன்னது ஞாபகம் இருக்கிறது. சொல்லும்போது ஓரிடத்தில் சிரித்தார் என்பதுகூட ஞாபகம் இருக்கிறது. எதற்குச் சிரித்தார் என்று தெரியாது. தேறாது என்று ஒதுக்கியதை நான் காதிலேயே வாங்கவில்லை. அவரோ தன் மகளின் கடைசிப் பேச்சை உலகத்தில் ஒரே ஒரு ஆளிடம்தான் சொல்லியிருந்தார், அது நான்.

தெரியலீங்க அக்கா என்று சொல்லியிருக்கலாம். இரண்டே வார்த்தை. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். தெரியாது என்றால் அந்த முகம் என்ன ஆகும் என்று எனக்குப் பயமாக இருந்தது. இல்லாததை இட்டு நிரப்புவது எனக்குக் கைவந்த வேலை, அதுதான் முந்திக்கொண்டது.

"காது அடைக்குதுன்னு சொன்னதாச் சொன்னீங்க அக்கா" என்றேன்.

மலை இறங்குகிற எல்லோரும் சொல்வதுதான். வாராவாரம் பஸ்ஸில் ஊருக்குப் போகும்போது நானே சொல்வதுதான். அவர் அதை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பிறகு, ஆமா, காது அடைக்குதுன்னா என்று மெதுவாகச் சொன்னார். முகம் தெளிந்தது. திரும்பி வீட்டுக்கு ஏறிப் போனார். அந்தச் சமயத்தில், நல்ல காரியம் செய்தோம் என்று எனக்கு ஒரு சந்தோஷம் வந்தது. இப்போது நினைத்தால் அதற்குத்தான் அதிகம் கூசுகிறது.

இந்த வருஷம் புதுப்பிக்க வந்தபோது டிரஸ்டி ஒருவரே நேரில் வந்தார். வயதானவர். எஸ்டேட் பிள்ளைக் காப்பகத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்தோம். பெங்களூர் அதிகாரி பக்கத்தில் இருந்து இங்கிலீஷில் சொன்னார். அந்த அம்மா வழக்கம்போல் ஆரம்பித்தார். நானும் வழக்கம்போல் மனசுக்குள் கூடவே சொல்லிக்கொண்டு வந்தேன். வழியிலேயே போய்விட்டாள் என்று முடிக்கும் இடம் வந்தது. அவர் முடிக்கவில்லை.

"லாரி எறங்கறப்ப, அம்மா காது அடைக்குதுன்னா. நீ பேசுறது கேக்கல, கிட்ட வந்து பேசுன்னா. காதுகிட்ட போயி பேசுனேன். கூசுதும்மான்னு சிரிச்சா. அப்பறம் பேசல."

அதிகாரி இங்கிலீஷில் சொன்னதும் டிரஸ்டி கண்ணாடியைக் கழற்றினார். அதிகாரி குனிந்துகொண்டார். முந்தானை எடுக்கும் இடத்தில் அந்த அம்மா முந்தானையை எடுக்கவில்லை. எங்கள் யாரையும் பார்க்காமல், லேசாகச் சிரித்தபடி உட்கார்ந்திருந்தார்.

அதில் முதல் வரி என்னுடையது. மற்றவை யாருடையவை என்று எனக்குத் தெரியவில்லை. என் பொய்யைப் பிடித்துக்கொண்டு போய் மகளின் நிஜமான பேச்சை எடுத்துவிட்டாரா, இல்லை என் பொய்யின் மேல் அவரும் கட்டிக்கொண்டாரா? கேட்டால் தெரியலாம். கேட்க வேண்டுமென்றால் முதல் வரி நான் சொன்னது என்று அவரிடம் சொல்ல வேண்டும். அந்த வரியை உருவிக்கொண்டால் மற்றவை அவரிடம் நிற்குமா? அதை அவரிடமிருந்து பிடுங்க எனக்குத் தைரியம் இல்லை. அதைத் தைரியமில்லை என்று சொல்வதா, இரக்கம் என்று சொல்வதா என்பதும் எனக்குத் தெரியவில்லை. இரக்கம் என்று சொல்லிக்கொள்வது எனக்கு வசதி.

ஜீப்புக்கும் டிரைவருக்கும் சேர்த்தே தருகிறோம் என்று டிரஸ்டி அங்கேயே சொல்லிவிட்டார். எங்கள் ஆட்களுக்குத் தலைகால் புரியவில்லை. நான் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். அந்த அம்மா பின்னாலேயே வந்தார்.

"நல்ல வேள, நீங்களாவது ஞாபகம் வச்சிருந்தீங்க சார்" என்றார்.

சரிங்க அக்கா என்றேன்.